மீனுக்கு முன்னாடி தண்ணியை வளர்க்கணும்! - கருங்குழி வீட்டில் ஒரு கலர் மீன் பாடம்

“அப்பா... இன்னொண்ணும் செத்துப்போச்சுப்பா!”

ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்த 12 மீன்களில், வியாழக்கிழமை காலை மிச்சம் இருந்தவை மூன்று. பள்ளிச் சீருடையோடு தொட்டி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள். வாசலில் வேன்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். “ஏங்க, மீன் தொட்டி வெச்சா வீட்டுக்கு நல்லதுன்னு சொன்னாங்களே... தினம் ஒரு சாவு பார்க்கத்தான் இதை வாங்கினோமா?” என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல்.

அந்த வாரம் நாங்கள் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஒரு மீன் செத்தால் போதும், தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கூழாங்கற்களைக் கழுவி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்து, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினோம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தபோதெல்லாம் ‘பாவம், பசிக்குது’ என்று இரை போட்டோம். தொட்டி பளபளவென்று இருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் மிச்சமிருந்த மூன்றும் போய்விட்டன.

அக்கறையாகச் செய்த அத்தனையும் தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

கொளத்தூரில் கேட்ட ஒரு கேள்வி

செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் கருங்குழி. இங்கிருந்து ரயில் ஏறி சென்னைக்குப் போய், பஸ் மாறி, கொளத்தூர் போய்ச் சேர அரை நாள் ஆகிவிடும். ஆனாலும், கலர் மீன் என்றால் அங்கேதான் போக வேண்டும் என்றார்கள் தெரிந்தவர்கள்.

இந்தியாவில் வண்ண மீன் தொழிலில் இருக்கிறவர்களுக்குக் கொளத்தூர் என்ற பெயர் அத்தனை பழக்கம். வீட்டுக் கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டி, மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்ற குடும்பங்களால் வளர்ந்த ஊர் அது. சென்னை நகரம் பெருகப் பெருக, காலி மனைகள் வீடுகளாகின. மீன் பண்ணைகள் செங்குன்றம், பொன்னேரி பக்கம் நகர்ந்துவிட்டன. கடைகள் மட்டும் வரிசைகட்டி அங்கேயே நிற்கின்றன. பக்கத்து வில்லிவாக்கத்தில் அரசே வண்ண மீன்களுக்கென்று பல மாடி வர்த்தக மையம் கட்டியிருக்கிறது என்றால், தொழிலின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு கடையில் மீன் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மீனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“உங்க தொட்டியில இருந்தது எத்தனை நாள் தண்ணி சார்?”

“புதுத் தண்ணிதான்க்கா. தினமும் மாத்தினோம்.”

அவர் சிரித்துவிட்டார். “மீனை வளர்க்கறதுக்கு முன்னாடி தண்ணியை வளர்க்கணும் சார். தயிருக்கு உறை ஊத்தி வெக்கிறோம்ல... அது உறையறதுக்குள்ள கிண்ணத்தைக் கழுவிக் கழுவி வெச்சா தயிர் எங்கேருந்து வரும்?”

அன்று அவர் எங்களுக்கு மீன் விற்கவில்லை. கடையின் பழைய தொட்டியில் இருந்து அழுக்கேறிய ஒரு பஞ்சு ஃபில்டரை எடுத்து, அந்தத் தொட்டித் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொடுத்தார். “இதான் உறை. பாப்பா, இதைக் கழுவிடாதே!” என்றார் மகளிடம்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

மீன் சாப்பிடுகிறது, கழிவு வெளியேற்றுகிறது, செவுள் வழியாகவும் அம்மோனியாவை வெளியே விடுகிறது. தின்னாமல் மிஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. ஏரியில் இது கரைந்து போகும். 50 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? செவுளை எரித்து மீனைக் கொல்லும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தது பசியால் இல்லை, மூச்சுத் திணறலால். நாங்கள் அதற்கு மேலும் இரை போட்டு, அம்மோனியாவைக் கூட்டியிருக்கிறோம்.

இதற்கு இயற்கையே வைத்திருக்கும் வைத்தியம் பாக்டீரியா. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா வந்து அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் அவ்வளவு ஆபத்தில்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். தொட்டியில் செடி இருந்தால் அதுவே உரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் பஞ்சிலும், கூழாங்கல்லிலும், கண்ணாடி ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகிச் சமநிலைக்கு வர சுமார் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பழைய தொட்டியின் பஞ்சு கிடைத்தால் காலம் குறையும். நாங்கள் தினமும் கசக்கிப் பிழிந்து சாக்கடையில் விட்டது அழுக்கை மட்டும் இல்லை, மீனைக் காப்பாற்ற வேண்டியவர்களையும் சேர்த்துத்தான்.

எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீன்

எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். சோப்பு நுரைக்காது. இப்படிப்பட்ட கடினத் தண்ணீரில் நியான் டெட்ராவை வளர்க்க ஆசைப்படுவது அதற்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். அது அமேசான் காட்டின் மென்மையான தண்ணீரில் பிறந்த மீன். டிஸ்கஸும் அப்படித்தான். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்கோ கடினத் தண்ணீர் ஒத்துப்போகும். மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் போராடுவதைவிட, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

போர் தண்ணீரை நேரடியாகத் தொட்டியில் விடக் கூடாது. பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. பக்கெட்டில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு, ஒரு நாள் வைத்திருந்து ஊற்றலாம். குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர் என்றாலும் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரத்துக்குக் கடையில் குளோரின் நீக்கும் மருந்து கிடைக்கிறது.

கோல்டு ஃபிஷ்ஷை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அது குளிர்ந்த தண்ணீர் மீன், பெரிதாக வளரும், கழிவும் அதிகம். மேஜை மேல் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதை விட்டு அழகு பார்ப்பது, ஆளைப் பெட்டிக்குள் பூட்டிவைப்பது மாதிரி.

இரண்டாவது முறை நாங்கள் அவசரப்படவில்லை. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. அதில் சுமார் 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் ஓர் ஆள் எடை. அதனால் டிவி ஸ்டாண்டில் வைக்காமல், உறுதியான இரும்பு ஸ்டாண்டில், வெயில் நேராக விழாத மூலையில் வைத்தோம். ‘உறை’ பஞ்சைப் போட்டு, கொஞ்சம் வேலம்பாசி நட்டு, ஒரு ஆண், மூன்று பெண் என நான்கே நான்கு கப்பிகளை விட்டோம். இரை, ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றம். பஞ்சைக் கழுவினால், எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே லேசாக அலசல். அவ்வளவுதான்.

முதல் மாதம் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

நான்கு, நாற்பதானது!

கப்பிக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு மனிதரால்தான். மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் இந்த மீன்களை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். 1866-ல் அவர் பெயரையே மீனுக்கு வைத்தார்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்பதால் நூறாண்டுக்கு முன்பே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஒரு காலைப் பொழுதில் வேலம்பாசிக்கு நடுவே கடுகுக்குக் கண் முளைத்தது போல என்னவோ ஓடியது. “அப்பா! குட்டி!” என்ற கத்தலில் தெருவே விழித்திருக்கும்.

பெண் கப்பி சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். வால் பக்கம் வயிற்றில் கறுப்புப் புள்ளி பெரிதாகி, வயிறு சதுரமாகத் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஈற்றில் 20, 30, சில சமயம் அதற்கும் மேல். ஒருமுறை ஆணோடு சேர்ந்தால், அந்த விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்துப் பல மாதங்கள் குட்டி போடும். ‘பெண் மீனை மட்டும்தானே வாங்கினேன்’ என்று சிலர் திகைப்பதன் ரகசியம் இதுதான்.

பெற்ற தாயே குட்டியைத் தின்னும் என்பதுதான் மகளால் ஜீரணிக்க முடியாமல் போன விஷயம். அடர்ந்த பாசி இருந்தால் குட்டிகள் ஒளிந்து பிழைக்கும். குட்டிகளுக்குப் பொடித்த இரையை ஒரு சிட்டிகை, நாளுக்கு மூன்று நான்கு முறை போட்டால் போதும். ஆர்ட்டீமியா குஞ்சு பொரித்துக் கொடுத்தால் மடமடவென்று வளரும்.

அப்பா மீனின் தொட்டில்

கப்பி கைக்கு வந்ததும், அடுத்து ஃபைட்டர். தாய்லாந்தின் மீன். 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். ஆனால், அதே முரட்டு ஆண்தான் பிள்ளை வளர்ப்பில் நம்மையெல்லாம் வெட்கப்படவைக்கும்.

அரை அடிக்கும் குறைவான தண்ணீர், அசைவில்லாத தொட்டி, மேலே ஒரு துண்டு காய்ந்த வாழையிலை. ஆண் மீன் வாயால் குமிழி விட்டு விட்டு இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டும். பெண் முட்டையிட்டதும், கீழே விழும் முட்டைகளை வாயில் பொறுக்கி வந்து கூட்டில் ஒட்டும். அந்த நேரமே பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடித்தே கொன்றுவிடும். ஒன்றரை நாளுக்குள் குஞ்சு பொரியும். அடுத்த இரண்டு மூன்று நாள் கூட்டிலிருந்து நழுவும் குஞ்சுகளைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைப்பது அப்பாவின் வேலை. குஞ்சுகள் தானாக நீந்த ஆரம்பித்ததும் அப்பாவையும் எடுத்துவிடலாம்.

ஃபைட்டர் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். செவுளுக்கு மேல் அதற்கென்று தனி உறுப்பு இருக்கிறது. இது நமக்குப் புதிதில்லை. நம்மூர்ப் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான். தரங்கம்பாடியில் 1791-ல் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த கெண்டையைப் பிடித்ததாக டேனிஷ் படை அதிகாரி தால்டோர்ஃப் எழுதிவைத்திருக்கிறார்.

முட்டையைத் தூவிவிட்டுப் போகும் ஜீப்ரா மீனுக்கு வேறு தந்திரம். வங்காளப் பக்கத்து ஓடைகளில் இருந்து 1822-ல் உலகத்துக்கு அறிமுகமான இந்த மீன், இன்று உலகம் முழுக்க மருத்துவ ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. விடியற்காலையில் முட்டையிடும், இட்ட கையோடு தானே தின்றும்விடும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பிவிட்டால் முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பிக்கும். பெரிய மீன்களை எடுத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் குஞ்சு.

பக்கெட்டோடு ஏரிக்குப் போன நாள்

ஆறு மாதம் ஓடியது. கப்பிகளை எண்ணுவதை நிறுத்திவிட்டோம். பாசியைத் தின்னும் என்று வாங்கிவிட்ட ‘டேங்க் கிளீனர்’, விரல் நீளத்தில் வந்தது, கையளவு ஆகிவிட்டது. உண்மையில் அது ஒரு அடிக்கு மேல் வளரக்கூடியது.

“ஏம்ப்பா, இதுங்களை அடைச்சு வெச்சு என்ன பண்ணப்போறே? நம்ம மதுராந்தகம் ஏரியில விட்டுடு. புண்ணியமாப் போகும்” என்றார் என் அம்மா. எனக்கும் சரியென்றே பட்டது. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். மகளை வண்டியின் பின்னால் உட்காரவைத்து, பக்கெட்டோடு ஏரிக்கரைக்குப் போனேன்.

கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் பக்கெட்டை எட்டிப் பார்த்தார். “இதையா விடப்போறீங்க? வேணாம் தம்பி. உடம்பு பூரா முள்ளு. வலையில மாட்டுச்சுன்னா வலையைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். தின்னவும் ஆகாது, விக்கவும் ஆகாது” என்றார்.

வீட்டுக்குத் திரும்பி வந்து படித்தபோதுதான் அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது. டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். உடம்பெல்லாம் எலும்புக் கவசம். தண்ணீர் கெட்டாலும் காற்றைக் குடித்துப் பிழைக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். நம் ஊர் ஏரிகளில் இதைத் தின்று கட்டுப்படுத்தும் எதிரி கிடையாது. தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பெருகிவிட்டது. அங்கெல்லாம் இதைக் கொண்டுபோனது வெள்ளம் மட்டும் இல்லை, என்னைப் போலப் பக்கெட்டோடு போனவர்களும்தான். அமெரிக்காவில் இதை விழுங்க முயன்ற கூழைக்கடாக்கள் தொண்டையில் முள் சிக்கி இறந்திருக்கின்றன.

கூழைக்கடா என்றதும் மகளின் முகம் மாறியது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தானே வேடந்தாங்கல்? 2022-ல் அதற்கும் பக்கத்துக் கரிக்கிலிக்கும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அங்கே கூடு கட்டும் பறவைகள் குஞ்சுகளுக்கு இரை தேடுவது சுற்றியுள்ள எங்கள் ஏரிகளிலும் வயல்களிலும்தான். “அப்போ நம்ம மீனை அதுங்க சாப்பிட்டிருக்குமாப்பா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

கப்பியும் விதிவிலக்கு இல்லை. கொசுப்புழுவை மட்டும் தின்றுவிட்டு நிறுத்திக்கொள்ளாது. நாட்டு மீனின் முட்டை, குஞ்சு என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். அதன் குட்டி பெருகும் வேகம்தான் உங்களுக்கே தெரியுமே!

டேங்க் கிளீனரை அடுத்த முறை சென்னை போனபோது கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம், காசு கேட்கவில்லை. கப்பியில் ஆண், பெண்ணைத் தனித்தனித் தொட்டியில் பிரித்தோம். மிச்சத்தை மகளின் தோழிகளுக்கும் பள்ளிக்கும் கொடுத்தோம். வாங்கிப் போகும் ஒவ்வொருவருக்கும் அவள் இரண்டே நிபந்தனை போடுகிறாள். பஞ்சைக் கழுவக் கூடாது, ஏரியில் விடக் கூடாது.

வருமானத்துக்கும் வழி உண்டு

கொல்லையில் கொஞ்சம் இடமும் நல்ல தண்ணீரும் இருந்தால், இதைச் சிறு தொழிலாகவும் செய்யலாம். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தில், 2020-ல் வகுத்தபடி, கொல்லைப்புற வண்ண மீன் அலகுக்கு 3 லட்ச ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும் பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 சதவிகிதமும் மானியம் வைத்தார்கள். இப்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்து முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே சொந்தமான ஆரஞ்சு குரோமைட் போன்ற நாட்டு வண்ண மீன்களிலும் அங்கே ஆய்வு நடக்கிறது. நம் மண்ணின் மீன் என்பதால் நம் தண்ணீரும் வெயிலும் அதற்குப் பழக்கம்தான்.

ஆனால், முதலில் ஒரு தொட்டியை ஒரு வருடம் சாகாமல் வைத்துப் பழகுங்கள். வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அப்புறம் சிமென்ட் தொட்டி கட்டலாம்.

இன்று காலையும் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மகள் தொட்டி முன்னால்தான் நின்றாள். “ரெண்டு நிமிஷம் அங்கிள்... சாப்பிட்டு முடிச்சிடட்டும்!”

தொட்டி வைக்கும் முன் ஒரு நிமிடம்...

* தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஃபில்டரை ஓடவிட்டு, பழைய பஞ்சு போட்டு, பிறகு மூன்று நான்கு மீனோடு ஆரம்பியுங்கள்.

* வாங்கி வந்த மீனைக் கவரோடு 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவரில் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் விடுங்கள்.

* மீன் மேலே வந்து வாய் திறந்தால் இரையை நிறுத்துங்கள். கால் பங்கு தண்ணீரை உடனே மாற்றுங்கள்.

* கத்திரி வெயிலில் தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து ஃபேன் காற்று படவிடுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள்.

* கரன்ட் போனால், ஒரு குவளையில் தண்ணீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

* வேண்டாத மீனைக் கடைக்கோ தெரிந்தவருக்கோ கொடுங்கள். ஏரி, குளம், கிணறு எதிலும் விடாதீர்கள்.